பென்சில் குறிகள்

எந்தப் பக்கம்? இடது.
வாந்தி வருமா? வரும்.
வருமுன் ஏதும் தெரியுமா?
தெரியும். லயத்துத் தகரம்போல
நெளிநெளியாய் ஒரு வெளிச்சம் கண்ணோரத்தில் முளைக்கும்.
அதன்பிறகு அரைமணி நேரம்தான் எனக்கு.
மாதத்தில் எத்தனை நாள்?

கிளங்கன் ஆஸ்பத்திரியின் சின்ன டொக்டர்
பேனாவைத் தூக்கியபடி காத்திருந்தார்.
பேர் விழுந்த நாள்களின் கணக்கு எனக்குத் தெரியும்,
அரைப்பேர் போட்ட நாளும் தெரியும்.
இடது கண்ணுக்குப் பின்னால்
கவ்வாத்துக் கத்தி இறங்கிய நாள்களை
எந்தச் செக்ரோலில் தேடுவேன்?

"எழுதி வையுங்க" என்றார்.
"வந்த பிறகு குளிசை.
வராமலிருக்க, எழுத்து."

டிலக்சனின் பையிலிருந்து ஒரு பென்சில் எடுத்தேன்.
ஹட்டன் நகைக்கடைக் காலண்டரில்
வலித்த நாளுக்குப் பெருக்கல்,
வெறும் வயிற்றோடு பெரட்டுக்கு ஓடிய நாளுக்குச் சுழி,
பதினொரு மணி தாண்டிப் படுத்தால் கோடு.
லட்சுமி படத்தின் காலடியில்
மூன்று மாதம் என் தலை கணக்கெழுதியது.

சுழியும் கோடும் ஒன்றாய் விழுந்தால்
மறுநாள் பெருக்கல். பிசகாது.
பனி மூடிக் கிடந்த மலையில்
சட்டென வெயில் வெட்டினாலும் பெருக்கல்.
கூடைக் கயிறு நெற்றிக்கு இறங்கிப்
பதினெட்டுக் கிலோ தொங்கிய நாளிலும்.
இதெல்லாம் எதிர்பார்த்ததுதான்.
ஞாயிற்றுக்கிழமைகள்தான் என்னைச் சிரிக்க வைத்தன.
எட்டு மணிவரை உறங்கிய நான்கு ஞாயிறில்
மூன்றில் பெருக்கல்.
ஓய்வுக்கும் கூலி பிடிக்கிற தலை, என் தலை.

அதனால் ஞாயிறும் ஐந்தரைக்கே எழும்புகிறேன்,
எழும்பிச் சும்மா இருக்கிறேன்.
ரொட்டியில் பாதி அடுப்படியில், நின்றபடியே;
மற்றப் பாதி சீலைத்துண்டில், பத்து மணிக்கு.
கயிற்றை நெற்றியைவிட்டு உச்சிக்கு ஏற்றி
அடியில் ஒரு துவாய் மடித்து வைத்தேன்.
பிளேன்டீ எட்டிலிருந்து மூன்று.
ஊருக்கெல்லாம் தேயிலை கிள்ளுகிறவளுக்குத்
தேத்தண்ணி அளவு!
மரியபுஷ்பம் சிரித்துச் சிரித்துக் கொழுந்தைச் சிந்தினாள்.
கொழும்பு டைல்ஸ் கடையிலிருந்து
பதினொன்றுக்குப் போன் எடுக்கிற மனுசனிடம்
எட்டுக்கு எடுங்க என்றேன்.
இரண்டு நாள் எடுக்கவேயில்லை.
மூன்றாம் நாள்
எட்டடிக்க ஐந்து நிமிசம் இருக்கையில் எடுத்தார்.

தண்ணீர்தான் மிச்சம்.
நாளைக்கு இரண்டு லீட்டர் என்றிருந்தார் டொக்டர்.
ஏழாம் நம்பர் மலையில்
குடிக்கப் பீலித் தண்ணீர் உண்டு,
ஒதுங்க இடமில்லை.
தேயிலைக்கு இடுப்பளவு உயரம்.
கீழே ரோட்டு, மேலே ஆண்கள் கவ்வாத்து வெட்டுகிறார்கள்.
விடிய ஒரு மிடறு, அந்திக்கு ஒரு செம்பு,
நடுவில் நாக்கை அண்ணத்தில் ஒட்டிக்கொண்டு
நாங்கள் எல்லோரும் பழகிய வித்தை அது.
அதற்குக் காலண்டரில் குறி இல்லை.
ஒன்று செய்தேன்: சின்னச் சதுரம்.
நாலு சுவர்.

ஓகஸ்டில் பத்தொன்பது சதுரம்.
சம்பள நாளில் காலண்டரைச் சுருட்டிப் போய்
கண்டாக்கையாவின் மேசையில் விரித்தேன்.
முதலில் லட்சுமியைப் பார்த்தார்.
பிறகு பென்சிலை.
"இதென்ன கட்டம்?"
"கக்கூஸ், ஐயா."
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்,
பிறகு சிரிக்கவில்லை.
"தொரைகிட்ட சொல்றேன்" என்றார்.
சொன்னாரோ என்னவோ.
இப்போதைக்கு, இரண்டு செடிக்கு நடுவில்
மரியபுஷ்பம் தன் படங்கை அவிழ்த்துப் பிடிக்கிறாள்.
நான் அவளுக்கு.
போத்தல் பாதிவரை காலியாகிறது.

பதினொன்றாக இருந்த பெருக்கல்
இந்த மாதம் நாலு.
நேற்று விழுந்ததற்குப் பக்கத்தில்
சுழி இல்லை, கோடு இல்லை, சதுரம் இல்லை,
வெயில்கூட இல்லை.
சும்மா வந்திருக்கிறது.
அதையும் எழுதினேன்.
பென்சில் விரல்நகம் அளவுக்குத் தேய்ந்துவிட்டது.
தன்னுடையதென்று டிலக்சன் கேட்கிறான்.
மாதம் முடியட்டும் என்றிருக்கிறேன்.